டிம் லின்சிகம் அடி வாங்குன வருஷமும் ரெண்டா நின்ன ரசிகர்களும்

வரிசையா ரெண்டு வருஷம் சை யங் அவார்ட் வாங்குன ஒரு பிட்சர், 28 வயசுல, காயம்னு ஒரு மேட்ச் கூட உக்காராம, நேஷனல் லீக்ல முழு சீசன் வீசுனவங்கள்லயே மோசமான ஈஆர்ஏவோட வந்து நிக்கிறார்னா அதை என்னன்னு எடுத்துக்கிறது? 2012-ல சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் ரசிகர்களுக்கு இதுதான் பேச்சு. டிம் லின்சிகமை உக்கார வைங்கன்னு ஒரு கூட்டம், அவர் மேல கை வச்சா நடக்குறதே வேறன்னு இன்னொரு கூட்டம், ஒரே வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி இருந்துச்சு.

பேஸ்பால் பாக்காதவங்களுக்கு ஒரு நிமிஷம். பிட்சர்னா நம்ம ஊர் பாஷைல பவுலர்தான், ஆனா ஓடி வர்ற வேலை கிடையாது, மண்மேடு மாதிரி இருக்குற மவுண்ட்ல நின்ன எடத்துல இருந்தே ஒரே எட்டு வச்சு 60 அடி 6 அங்குலம் தள்ளி நிக்கிற பேட்டருக்கு பந்து தரையில படாம வீசணும். ஈஆர்ஏங்குறது அந்த பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தனை ரன் விட்டுக்கொடுக்குறார்ங்குற கணக்கு, ஃபீல்டர் தப்புல வந்த ரன்னை இதுல சேக்க மாட்டாங்க. மூணுக்குக் கீழன்னா பிரமாதம், நாலு பரவால்ல, அஞ்சைத் தாண்டிடுச்சுன்னா பெரும்பாலானவங்களுக்கு வேலை போயிடும். சை யங் அவார்ட்ங்குறது அமெரிக்கன், நேஷனல்னு இருக்குற ரெண்டு லீக்ல ஒவ்வொண்ணுலயும் அந்த வருஷத்து சிறந்த பிட்சருக்குக் குடுக்குறது. 2008-ல லின்சிகமோட ஈஆர்ஏ 2.62, 2009-ல 2.48, ரெண்டு அவார்டும் அவருக்கு. 2012-ல 5.18.

இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு புரியணும்னா முதல்ல அவர் எப்படி வீசுவார்னு தெரியணும், ஏன்னா அவரைத் தூக்கி விட்டதும் அதான், கீழ இறக்குனதும் அதான்னு நான் நம்புறேன்.

ஆளு சின்ன ஆளு. 5 அடி 11 அங்குலம், 77 கிலோ. நம்ம தெருவுல இது நல்ல உயரம், ஆனா 6 அடி 4 அங்குலமெல்லாம் சர்வ சாதாரணமா நிக்கிற பிட்சர் கூட்டத்துல இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிதான் தெரிவார், 2009-ல இவரோட ஒரே டீம்ல இருந்த ரேண்டி ஜான்சன் 6 அடி 10 அங்குலம். இந்த உடம்புல இருந்து 94 மைல் வேகம், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல, எப்படி வருதுன்னுதான் எல்லாருக்கும் ஆச்சரியம், அதனாலதான் "ஃப்ரீக்"னு பேரே வச்சாங்க. சொல்லிக்குடுத்தது அப்பா கிறிஸ், போயிங் கம்பெனில வேலை பாத்தவர், புள்ளைக்கு சின்ன வயசுலயே ஒரு அசைவை உருவாக்கி அதையே திருப்பித் திருப்பி பழக்குனார். வீடியோ கிடைச்சா மெதுவா ஓட்டிப் பாருங்க. இடது காலைத் தூக்கும்போது இடுப்போட சேத்து உடம்பு மொத்தமும் பின்னாடி திரும்பும், பேட்டருக்கு கிட்டத்தட்ட முதுகு தெரியும், அப்புறம் அந்தக் கால் முன்னாடி போகும் பாருங்க, போயிட்டே இருக்கும், ஏழரை அடி, அவரோட உயரத்தை விட அதிகம். கால் தரையில ஊனுன பிறகுதான் இடுப்பு சுத்தும், இடுப்பு சுத்துன பிறகுதான் தோள் வரும், கை கடைசியா சாட்டை நுனி மாதிரி வரும். வீசி முடிச்ச கை கீழ கிடக்குற டாலர் நோட்டை எடுக்குற மாதிரி இறங்கணும்னு அப்பா சொல்லிக்குடுத்தாராம். மத்த பிட்சருங்க மேட்ச் முடிஞ்சதும் தோள்பட்டைல ஐஸ் கட்டிட்டு உக்காந்திருப்பாங்க, இவர் ஐஸே வைக்க மாட்டார், ஏன்னா கைக்கு பாரமே இல்ல, பாரம் எல்லாம் இடுப்புலயும் காலுலயும்.

இதைப் பாத்து டீமுக்கு ஆள் தேடுற ஸ்கவுட்டுங்க பயந்தாங்க. புது ஆளுங்களை டீமுங்க வரிசையா எடுக்குற 2006 டிராஃப்ட்ல ஒன்பது டீம் இவரைத் தாண்டிப் போச்சு. அதுல சியாட்டில் மரினர்ஸும் உண்டு, லின்சிகம் பிறந்தது அதே சியாட்டிலுக்குப் பக்கத்துல இருக்குற பெல்வ்யூ, வீசிட்டு இருந்தது அதே ஊர் யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன், அப்படியும் அவங்க வேற பிட்சரை எடுத்தாங்க. பத்தாவதா ஜெயன்ட்ஸ் எடுத்தாங்க. 2007 மே மாசம் பெரிய லீக்குக்கு வந்தார், 2008-ல 18 ஜெயிப்பு 5 தோல்வி, 265 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பேட்டர் மூணு ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆகுறது. 2008, 2009, 2010 மூணு வருஷமும் நேஷனல் லீக்ல அதிக ஸ்ட்ரைக் அவுட் அவர்தான்.

ரசிகர்கள் ஏன் அப்படி ஒட்டிக்கிட்டாங்கன்னு கேட்டா அவார்ட் பாதிதான் காரணம், மீதி 2010. அந்த வருஷம் ஆகஸ்ட்ல அஞ்சு மேட்ச் வீசி அஞ்சும் தோத்தார், அந்த மாசத்து ஈஆர்ஏ 7.82. கதை முடிஞ்சுதுன்னு அப்பவே சிலர் எழுதுனாங்க. செப்டம்பர்ல அஞ்சு ஜெயிச்சு ஒன்னுதான் தோத்தார். அக்டோபர் 7, சீசன் முடிஞ்சு கோப்பைக்காக நடக்குற பிளேஆஃப்ல அவருக்கு முதல் மேட்ச், அட்லாண்டா பிரேவ்ஸ் எதிர்ல முழு ஒன்பது இன்னிங்ஸும் அவரே வீசி, பேட்டர் அடிச்சு பேஸுக்குப் போனது, அதாவது ஹிட், ரெண்டே ரெண்டு, 14 ஸ்ட்ரைக் அவுட், 1-0. நவம்பர் 1, கோப்பைக்கான கடைசித் தொடர் வேர்ல்ட் சீரிஸ், அதுல அஞ்சாவது மேட்ச், டெக்சஸ்ல, எதிர் டீம் பிட்சர் கிளிஃப் லீ, எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன் 10 ஸ்ட்ரைக் அவுட், ஜெயன்ட்ஸ் பேட்டர் எட்கர் ரென்டேரியா சுவரைத் தாண்டி அடிச்ச மூணு ரன் ஹோம் ரன், 3-1. நியூயார்க்ல இருந்து 1958-ல சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த டீம், வந்ததுல இருந்து ஒரு கோப்பை கூட இல்ல, வில்லி மேஸ் ஆடியும் கிடைக்கல, பேரி பாண்ட்ஸ் ஆடியும் கிடைக்கல, 52 வருஷம் கழிச்சு கிடைச்சப்போ கடைசி மேட்ச்ல மவுண்ட்ல நின்னது தோள் வரைக்கும் முடி விட்ட இந்தப் பையன். ஸ்டேடியத்துல பெரியவங்க சின்னவங்க எல்லாரும் கறுப்பு நீள முடி விக் வச்சுக்கிட்டு வருவாங்க.

அதனால 2012-ல அடி வாங்க ஆரம்பிச்சப்போ யாருக்குமே அது வெறும் ஃபார்ம் போன விஷயமா தெரியல.

என்ன ஆச்சுன்னா, வேகம் போச்சு. ஆரம்பத்துல 94 மைல் சராசரி இருந்த ஃபாஸ்ட்பால் 2012-ல 90 பக்கம் வந்துருச்சு. நாலு மைல்தானேன்னு தோணும், ஆனா அவரோட பெரிய ஆயுதம் சேஞ்சப், ஃபாஸ்ட்பால் மாதிரியே கையை விட்டு வந்து பத்து மைல் மெதுவா, கிட்ட வரும்போது பொத்துன்னு கீழ விழும். பேட்டர் 94-ஐ நினைச்சு அவசரப்பட்டாத்தான் அதுல ஏமாறுவான், 90 வர்ற பிட்சருக்கு அவ்வளவு அவசரப்பட வேண்டியதில்ல, கொஞ்சம் காத்திருந்து பாக்க நேரம் இருக்கு. 94-ல கொஞ்சம் தப்பா மேல போன பந்தை பேட்டர் கோட்டுக்கு வெளிய ஃபவுல் அடிப்பான், அதே தப்பு 90-ல நடந்தா சுவத்துல போய் மோதும். இது தெரிஞ்ச பிட்சர் என்ன பண்ணுவார், ஓரத்துலயே வீசப் பாப்பார், ஓரத்துல வீசுனா எல்லைக்கு வெளிய போயிடும், பேட்டர் அடிக்காம விட்டா அது "பால்"னு கணக்கு, நாலு "பால்" ஆனா பேட்டர் சும்மா நடந்து பேஸுக்குப் போவான், அதான் வாக். 2009-ல 225 இன்னிங்ஸ்ல 68 வாக், 2012-ல 186 இன்னிங்ஸ்லயே 90 வாக். பேட்டருக்குப் பின்னாடி இருக்குற கேட்சராலயே பிடிக்க முடியாம தவறிப் போற வைல்ட் பிட்ச் 17, லீக்லயே அதிகம். அஞ்சாவது இன்னிங்ஸ் வர்றதுக்குள்ள நூறு பந்து ஆயிடும், மேனேஜர் புரூஸ் போச்சி மெதுவா நடந்து மவுண்டுக்கு வருவார், பந்தை வாங்கி வேற பிட்சர்கிட்ட குடுப்பார்.

சீசன் நடுவுல வர்ற ஆல் ஸ்டார் இடைவேளைல 3 ஜெயிப்பு 10 தோல்வி, ஈஆர்ஏ 6.42.

உக்கார வைங்கன்னு சொன்னவங்க கெட்டவங்க இல்ல, அவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சு. அதே டீம்ல இருந்த மேட் கேன் அந்த ஜூன் மாசம் பெர்ஃபெக்ட் கேமே வீசிட்டார், 27 பேட்டர்ல ஒருத்தரைக் கூட பேஸுக்கு விடல. மேடிசன் பம்கார்னர், ரயன் வோகல்சாங் எல்லாம் நல்லா வீசிட்டு இருக்காங்க, லீக்குக்குள்ள இருக்குற பிரிவான டிவிஷனை ஜெயிக்க டாட்ஜர்ஸ் டீமோட போட்டி, அஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒரு மேட்சை கையில எடுத்துக் குடுக்குற மாதிரி இருக்குன்னா எந்த டீம் தாங்கும்? அந்த வருஷம் டீம் மொத்தமா தோத்தது 68, அதுல லின்சிகம் கணக்குல எழுதுனது மட்டும் 15. சம்பளமும் சின்னது இல்ல, ரெண்டு வருஷத்துக்கு 4 கோடியே 5 லட்சம் டாலர். பழைய பாசத்தை வச்சு இந்த வருஷத்து டீமை கெடுக்காதீங்கன்னாங்க. நேத்து ஜெயிச்சுக் குடுத்ததுக்கு நேத்தே கைதட்டியாச்சுங்குறது அவங்க வாதம்.

இன்னொரு பக்கம் கையில நம்பரோட வந்தாங்க. 186 இன்னிங்ஸ்ல 190 ஸ்ட்ரைக் அவுட், இன்னிங்ஸுக்கு ஒன்னுக்கு மேல, தீர்ந்து போன பிட்சருக்கு இது வருமா? எஃப்ஐபின்னு ஒரு கணக்கு இருக்கு, ஃபீல்டிங்கையும் அதிர்ஷ்டத்தையும் கழிச்சுட்டு ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் இதை மட்டும் பாக்குறது, அதுல அவரோட நம்பர் ஈஆர்ஏவை விட சரியா ஒரு ரன் கம்மி, 4.18. ஆளு பேஸ்ல இல்லாதப்போ நல்லாத்தான் வீசுறார், ரன்னர் ஏறுனதும் அந்த நீளமான அசைவைச் சுருக்கி வீசணும், அங்கதான் சிக்கல், அது சரி பண்ணக்கூடியதுன்னாங்க. எல்லாத்துக்கும் மேல 2010 ஆகஸ்டை மறந்துட்டீங்களான்னு கேட்டாங்க.

நடுவுல இன்னும் ரெண்டு மூணு சின்னக் கூட்டம். பஸ்டர் போசி கேட்சரா நின்னா சரியாகும், அந்த வருஷம் நிறைய மேட்ச்ல ஹெக்டர் சான்செஸ்தான் இவர் பந்தைப் பிடிச்சார், அதான் காரணம்னு ஒரு கட்சி, மேட்சை ஆரம்பிக்கிற ஸ்டார்ட்டரா வேண்டாம், மாத்து பிட்சருங்க காத்திருக்குற புல்பென்ல வச்சு ஒன்னு ரெண்டு இன்னிங்ஸ் மட்டும் வீச விடுங்கன்னு ஒரு கட்சி.

என் கருத்தைச் சொல்லிடறேன். உக்கார வைக்கச் சொன்னவங்க பந்தை சரியா பாத்தாங்க, ஆளைத் தப்பா பாத்தாங்க. பணம் வந்ததும் அக்கறை போச்சுன்னு சிலர் பேசுனது அநியாயம், அந்த சீசன்ல ஒரு டர்னைக் கூட அவர் தவற விடல, 33 மேட்ச்லயும் பந்தை வாங்கிட்டு மவுண்ட்ல ஏறுனார், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பத்திரிகைக்காரங்க முன்னாடி நின்னு பதில் சொன்னார். அவரைக் காப்பாத்துன கூட்டம் ஆளை சரியா பாத்தாங்க, ஆனா 2010-ஐயும் 2012-ஐயும் ஒன்னா வச்சது தப்பு. 2010 ஆகஸ்ட்ல வந்தது களைப்பு, மாசத்துல தேறுச்சு. 2012-ல போன வேகம் திரும்பவே வரல, ஏன்னா கோளாறு உடம்புக்குள்ள இருந்துருக்கு. 77 கிலோ உடம்பை ஏழரை அடி தூக்கிப் போட்டு, வருஷத்துக்கு 3000 பந்துக்கு மேல, ஒவ்வொரு பந்துக்கும் இடுப்பைச் சுத்துனா அந்த இடுப்பு எத்தனை வருஷம் தாங்கும்? இது அன்னிக்கு யாருக்கும் தெரியாது, 2015-லதான் ரெண்டு பக்க இடுப்பு மூட்டும் தேஞ்சு போயிருக்குன்னு வெளிய வந்துச்சு, இடது பக்கம் ஆபரேஷன் பண்ணாங்க.

இங்க பேரி ஸீட்டோவைப் பத்தி சொல்லாம போக முடியாது. அவரும் சை யங் வாங்குனவர், 2002-ல பக்கத்து ஊர் ஓக்லாண்டுக்கு ஆடும்போது. ஜெயன்ட்ஸ் ஏழு வருஷத்துக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் குடுத்து கூட்டிட்டு வந்தாங்க, அன்னிக்கு எந்த பிட்சருக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடையாது. வந்ததுல இருந்தே சரியா அமையல, 2008-ல 17 தோல்வி, ஈஆர்ஏ 5.15, அதாவது லின்சிகமோட 2012 நம்பருக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. ஆனா ஸீட்டோவுக்கு சொந்த ஸ்டேடியத்துலயே கூச்சல் போட்டு கேலி பண்ணாங்க, வருஷக்கணக்கா. 2010 பிளேஆஃப் டீம்ல அவர் பேரே இல்ல, கோப்பை வாங்குனப்போ ஓரமா நின்னார். அவருக்காக ரெண்டா பிரிஞ்சு சண்டை போட ஆளில்ல. லின்சிகமுக்கு மட்டும் ஏன் பிரிஞ்சாங்க? ஒருத்தர் விலை குடுத்து வாங்குனவர், இன்னொருத்தர் வீட்டுல வளந்தவர். விலை குடுத்து வாங்குனது சரியில்லன்னா திட்டறதுக்கு யாருக்கும் உறுத்தாது, வீட்டுப் புள்ளை தோத்துட்டு வந்தா ஒருத்தர் கோவப்படுவார், இன்னொருத்தர் சாப்பிட்டியான்னு கேப்பார். ஸீட்டோ மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு நினைச்சா எனக்கு இன்னிக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, அவரும் ஒவ்வொரு அஞ்சாவது நாளும் போய் நின்னவர்தான்.

அந்த 2012 அக்டோபர்தான் இதுக்கெல்லாம் பதில் மாதிரி வந்துச்சு. ஆல் ஸ்டாருக்கு அப்புறம் லின்சிகம் கொஞ்சம் தேறி 7 ஜெயிப்பு 5 தோல்வி, ஈஆர்ஏ 3.83 வரைக்கும் வந்தும், பிளேஆஃப்ல போச்சி அவரை புல்பென்ல உக்கார வச்சார். ரெண்டு சை யங் வாங்குனவரை. சின்சினாட்டில நாலாவது மேட்ச், தோத்தா சீசனே முடிஞ்சுது, ஸ்டார்ட்டர் ஸீட்டோ மூணு இன்னிங்ஸ் கூட தாங்கல, லின்சிகம் வந்து நாலே கால் இன்னிங்ஸுக்கு மேல வீசி ஒரே ரன், ஆறு ஸ்ட்ரைக் அவுட், டீம் ஜெயிச்சுது. அப்புறம் செயின்ட் லூயிஸ் எதிர்ல ஸ்டார்ட்டரா ஒரு மேட்ச் குடுத்தாங்க, அதுல தோத்தார், புல்பென்னுக்கே திரும்பினார்.

அக்டோபர் 24, வேர்ல்ட் சீரிஸ் முதல் மேட்ச், டெட்ராய்ட் டைகர்ஸோட ஜஸ்டின் வெர்லாண்டர் எதிர்ல யாருன்னா ஸீட்டோ. பாப்லோ சான்டோவல் மூணு ஹோம் ரன் அடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், எனக்கு ஞாபகம் இருக்குறது ஆறாவது இன்னிங்ஸ். ரெண்டு அவுட் ஆயாச்சு, ஸீட்டோ ஒரே ரன் குடுத்துருக்கார், போச்சி வந்து பந்தை வாங்குறார், ஸீட்டோ கீழ இறங்கி நடக்கும்போது ஸ்டேடியமே எழுந்து நிக்குது, வருஷக்கணக்கா கேலி பண்ண அதே ஸ்டேடியம். அந்த சத்தம் அடங்குறதுக்குள்ள புல்பென் கதவு திறந்து லின்சிகம் ஓடி வர்றார், மறுபடி சத்தம். ஏழு பேட்டர், ஏழும் அவுட், அஞ்சு ஸ்ட்ரைக் அவுட். மூணாவது மேட்ச்லயும் வந்தார். அந்த சீரிஸ்ல மொத்தம் நாலே முக்கால் இன்னிங்ஸ் கிட்ட வீசி ஒரு ஹிட் கூட குடுக்கல. நாலுக்கு நாலு ஜெயிச்சு ஜெயன்ட்ஸ் கோப்பையைத் தூக்கினாங்க.

சண்டை தீந்துதான்னா இல்ல, மாறுச்சு. புல்பென்லயே வைங்கன்னு சொன்ன சின்னக் கட்சி இப்ப பெரிய கட்சி ஆயிடுச்சு, சின்ன அளவுல முழு வேகத்துல வீசுனா பழைய லின்சிகம் தெரியுதேன்னு அவங்க கேட்டது சரியான கேள்வி. அவருக்கும் டீமுக்கும் ஸ்டார்ட்டரா இருக்கத்தான் விருப்பம், 2013-ல மறுபடி ஸ்டார்ட்டருங்க முறை வச்சு வீசுற ரொட்டேஷன்.

2013 ஜூலை 13, சான் டியாகோ. பத்ரேஸ் எதிர்ல ஒரு ஹிட் கூட குடுக்காம முழு மேட்ச், நோ ஹிட்டர், 13 ஸ்ட்ரைக் அவுட். எட்டாவது இன்னிங்ஸ்ல ஹன்டர் பென்ஸ் பாஞ்சு தரைக்குக் கொஞ்சம் மேல ஒரு கேட்ச் எடுத்தார், அது விழுந்திருந்தா போச்சு. கடைசி கேட்சை இடது ஃபீல்ட்ல பிடிச்சதும் போசி பின்னாடி இருந்து ஓடி வந்து அவரை அப்படியே இடுப்போட சேத்துத் தூக்கிட்டார். ஆனா பந்து கணக்கு 148. சாதாரணமா நூறு தாண்டுனாலே மாத்திடுவாங்க. கொண்டாடுறதா திட்டுறதான்னு அன்னிக்கு ராத்திரியே ரசிகர்கள் திரும்ப ரெண்டாயிட்டாங்க, சரித்திரத்தை எவன் நிறுத்துவான்னு ஒரு பக்கம், அந்தக் கையைக் கொல்லப் பாக்குறாங்கன்னு ஒரு பக்கம். அடுத்த மேட்ச், சொந்த ஊர்ல சின்சினாட்டி எதிர்ல, நாலாவது இன்னிங்ஸை முடிக்க முடியல, எட்டு ரன், 11-0 தோல்வி. 2014 ஜூன் 25 அதே பத்ரேஸ் எதிர்ல இன்னொரு நோ ஹிட்டர், இந்தத் தடவை 113 பந்து. அந்த சீசன் ஈஆர்ஏ 4.74. இப்படித்தான் ஒரு நாள் வானத்துல, நாலு நாள் தரையில.

2015 ஜூன் கடைசில கொலராடோ எதிர்ல அடிச்ச பந்து முன்கையில வந்து பட்டுச்சு, ஜெயன்ட்ஸ் ஜெர்சில அவர் வீசுன கடைசி மேட்ச் அது. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் 2016-ல ஏஞ்சல்ஸ் டீமுக்கு ஒன்பது மேட்ச் வீசி ஈஆர்ஏ 9.16, அதைப் பாக்காம இருந்துருக்கலாம். 2018-ல டெக்சஸ் கையெழுத்து வாங்குனாங்க, பெரிய லீக் மவுண்ட்ல ஏறவே இல்ல. 2019 செப்டம்பர் 29, போச்சியோட கடைசி நாள், யாரும் எதிர்பாக்காம சான் பிரான்சிஸ்கோ ஸ்டேடியத்துக்கு வந்தார், அவர் பேரைச் சொன்னதும் எழுந்த சத்தத்துல ரெண்டு கட்சியும் இருந்துருக்கும், பிரிச்சுப் பாக்க முடியல.

2022-ல பெரிய ஆட்டக்காரங்களை கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுல அவருக்கு விழுந்தது ஒன்பதே ஓட்டு, அஞ்சு சதவீதத்துக்குக் கீழன்னு பேரை எடுத்துட்டாங்க. 110 ஜெயிப்பு, 89 தோல்வி, ஈஆர்ஏ 3.74, நாலு வருஷ உச்சத்துக்கு அந்த கேட் திறக்காதுன்னு எனக்கும் தெரியும், அந்த ஓட்டை நான் தப்பு சொல்லல. அட்லாண்டா எதிர்ல வீசுன அந்த 1-0 மேட்சை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாத்துடுவேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், நூறு பந்து தாண்டியாச்சு, முடி எல்லாம் வேர்வைல ஒட்டியிருக்கு, போச்சி டக் அவுட்ல இருந்து அசையவே இல்ல, இடது கால் அதே ஏழரை அடி போகுது.